வாய் அகன்ற சங்கு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கடலை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டபோது எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே கடல் சங்குகளைப் பற்றி ஊருக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். மகாவலி ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கப் பயந்தவன் நான். உப்புத் தண்ணீரோடு எனக்கிருந்த சம்பந்தம் தொண்டை கட்டினால் கொப்பளிப்பதோடு சரி. ஆனாலும் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டையில் என்னைச் 'சிப்பி மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நான்தான் பட்டம் கட்டியது போல நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பட்டம் வந்த வழி இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டி வாவிக்கு எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் விற்பனையாளனாக நின்றேன். கொழும்பில் கப்பல் நின்றால் மறுநாள் தலதா மாளிகை பார்க்க வெள்ளைக்காரர்கள் ரயிலில் வருவார்கள். பார்த்துவிட்டு எங்கள் கடைக்குள் நுழைவார்கள். கருங்காலி யானை, ஆமையோட்டுச் சீப்பு, பித்தளைத் தட்டு எல்லாம் உள்ளே. வாசலருகே இருந்த கண்ணாடி அலுமாரியில் சங்கும் சிப்பியும். அந்த அலுமாரி என் ராச்சியம்.

சரக்கு திருகோணமலையிலிருந்து சாக்கில் கட்டி லொறியில் வரும். அங்கேயே அவித்து, சதையைத் தோண்டி, மேலே இருப்பதையெல்லாம் சுரண்டி, எண்ணெய் பூசி அனுப்பிவிடுவார்கள். கல்யாண மேடைக்குப் பெண் வருகிற மாதிரி, எங்களிடம் வரும்போது ஒவ்வொன்றும் குளித்து, சிங்காரித்து, மினுமினுவென்றுதான் வரும். கடலுக்குள் அது எந்தக் கோலத்தில் இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீல வெல்வெட்டு விரித்து அதன் மேல் குப்புறக் கவிழ்த்து வைப்பேன். முதுகில்தானே கோலம் இருக்கிறது, அதைக் கண்டுதானே துரைசானிமார் 'ஆ' என்பார்கள்? ஆகவே நான் சங்குகளின் முதுகை மட்டும் நன்றாக அறிந்தவன். முகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வியாபாரத்தில் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி எனக்கு ஒரு பாடம் நடத்தினார். கச்சான்காரன் கடதாசியைச் சுருட்டி வறுத்த நிலக்கடலை போட்டுத் தருவானே, அந்தச் சுருள் மாதிரியான சங்குகளில் ஒரு கை அள்ளி மேசையில் பரப்பினார். எல்லாவற்றையும் மல்லாத்தி வைத்தார்.

"இதெல்லாம் வேட்டைக்காரச் சாதி தம்பி. மூக்குல ஊசி ஈக்குது. ஊசிக்குள்ள நஞ்சு. ஆனா மத்ததெல்லாம் புழு பூச்சி திங்கிறது, வாயப் பாருங்க, கத்தியால கீறின மாதிரி. இது ஒண்டு மட்டும் மீன அப்பிடியே முழுங்குறது. அதான் வாய் அகலம். தூக்கிப் பாருங்க, பாரமே இல்ல, கோழிமுட்ட ஓடு மாதிரி. உச்சியச் சுத்திப் பொட்டுப் பொட்டாத் தட்டுப்படும். உசிரோட இதக் கையில எடுத்தவன் வீடு வந்து சேர மாட்டான்."

அவர் காட்டிய சங்கின் மேல் இளஞ்சிவப்பும் பழுப்புமாக, வலையை விரித்துப் போட்டது போலக் கோடுகள். கடலும் தீவும் வரைந்த நிலப்படம் போலவும் இருக்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு நிலப்படத்தை வைத்துத்தான் பெயர் சொன்னார்கள்.

"வலக் கோலம் இருக்கே மொதலாளி, அதப் பாத்தாலே தெரியாதா?" என்றேன்.

"கோலத்த நம்பாதீங்க. வாயப் பாருங்க."

"என் வாயப் பாத்துட்டும் வேல குடுத்திருக்கீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். பிறகு எல்லாச் சங்கையும் பழையபடி கவிழ்த்து வைத்தேன். அதோடு பாடமும் கவிழ்ந்தது. அன்றிலிருந்து கடைக்கு வந்த துரைமாரிடம் அந்த ஒரு சங்கைக் காட்டி, "கொலைகாரன், கொலைகாரன்" என்று கண்ணை உருட்டுவேன். மாலையில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அதே கதையைத் தமிழில் உருட்டுவேன். பட்டம் வந்தது இப்படித்தான்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எங்களைப் போலவே வேதக்காரர், கத்தோலிக்கர். அவர் கணவர் ரயிலில் வேலை. பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அக்கா சட்டை தைப்பார். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் போன பிறகு தன் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்தவர். அவனை வளர்த்ததும் அவர்தான். நான் ஒரு பகிடி விட்டால் முடிவதற்குள்ளேயே சிரிக்கத் தொடங்குகிற பையன் அவன். பகிடி விடுகிறவனுக்கு அப்படி ஒருவன் கிடைப்பது வரம். அக்கா என்னையும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்.

அவன் ஒரு பெண்ணை விரும்பினான். பெண் வீட்டார் முடியாது என்றார்கள். கொஞ்ச நாள் சோறு இறங்காமல் திரிந்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தில் கூலி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டான். பஸ் ஏறும்போது, "மாஸ்டர், ஒங்களுக்கு ஒரு சங்கு கொண்டாரேன்" என்றான்.

"நல்ல கோலம் போட்டதாப் பாத்துக் கொண்டா" என்றேன்.

ஆவணியில் அவன் செத்துப்போன செய்தி வந்தது.

உடன் வேலை செய்த ஒருவன் அவன் மூட்டையை அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்து நடந்ததைச் சொன்னான். வேலை முடிந்து கடற்கரைப் பக்கம் போனவன், உதடு மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறான். பேச்சுக் குழறியது. இமை தானாக மூடியது. கால் நிற்கவில்லை. கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கியபோது மூச்சு இல்லை. உடம்பில் காயம் ஒன்றும் காணவில்லை. ஏதோ விஷம் என்று டாக்டர் சொன்னார். விஷம் என்றதும் அங்கிருந்தவர்கள் பெண் கதையை எடுத்தார்கள். 'மருந்து குடிச்சிட்டான்' என்று முடிந்தது. தன் உயிரைத் தானே எடுத்தவனுக்குக் கோவில் மணி கிடையாது, பூசை கிடையாது. சேமக்காலைக்குள் மற்றக் கல்லறைகளுக்கு நடுவே கிடக்க இடமும் கிடையாது. வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

அக்கா எங்கள் கோவில் சாமியாரிடம் போய் அழுதார். அவர் வெள்ளைக்காரர். தமிழை ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போல மடிப்புக் கலையாமல் பேசுவார். சட்டத்தை மீற முடியாது என்றார். ஆனால் அது விபத்து என்று யாராவது தெளிவாகக் காட்டினால், தானே பூசை வைத்து, அங்குள்ள குருவுக்கும் எழுதி, வேலியைத் தாண்டி அவனை உள்ளே எடுக்கச் சொல்வதாகவும் சொன்னார். இதை அக்காவே என் வீட்டாரிடம் சொன்னார். ஆக, எது எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒளிந்துகொள்ள எனக்கு அந்த மூலை கூட இல்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பாலத்தடித் தேத்தண்ணிக் கடை முன்னால் வழக்கமான சபை கூடியிருந்தது. நடுவில் நான். அக்கா நேராக என்னிடம் வந்தார். கையில் ஒரு லேஞ்சித் துணி முடிச்சு.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. அவன் சட்டப் பையில இருந்துச்சாம். அங்க ஒரு மீன்காரர் இதக் கண்டுட்டு, கொத்துற சாதியோ என்னமோன்னாராம். ஒங்களுக்குத்தான் தெரியும்."

முடிச்சை அவிழ்த்தார். நாற்றம் எழும்பி அடித்தது. உள்ளே இருந்த பிராணி செத்து அழுகியிருந்தது. சபை இரண்டடி பின்வாங்கியது.

"மாஸ்டர், ஒங்க படிப்புக்கு இன்னைக்குத்தான் வேல வந்திருக்கு!" என்றான் ஒருவன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். காய்ந்த வாழைச் சருகு நிறத்தில் ஒரு தோல் மூடிய சங்கு. பாசியும் சேறும் அப்பியிருந்தது. கோலமும் இல்லை, வலையும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. நான் அறிந்த கொலைகாரன் வெல்வெட்டின் மேல் மினுங்குகிறவன். இது சாக்கடையில் கிடந்த கிழங்கு மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கும்போது அந்தச் சங்குகள் மேலே ஒரு தோல் போர்த்திக்கொண்டுதான் திரியும் என்பது எனக்குத் தெரியாது. கண்டியில் யாருக்குத்தான் தெரியும்? எங்களிடம் வருவதெல்லாம் உரித்த சரக்கு. 'தெரியாது அக்கா, மொதலாளியிடம் காட்டிச் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கொத்தினா ஆள் சாகுமா தம்பி?"

சங்கைத் திருப்பினேன். ஆம், திருப்பினேன். அதன் வாய் அகலமாக, 'ஆ'வென்று திறந்து கிடந்தது. கையில் பாரமே இல்லை. இரண்டையும் கவனித்தேன். கவனித்து என்ன செய்தேன் என்றால், பகிடி விட்டேன்.

"வாயப் பாருங்கக்கா, எனக்கு அண்ணன் முறையாகணும்! இந்த மாதிரி வாய் பெருத்ததெல்லாம் ஒருத்தனையும் கொல்லாது. சும்மா பேசியே அறுக்கும்."

சபை சிரித்தது. சிரிப்பு வந்ததும் எனக்கு ஏறிவிட்டது.

"இது வெறும் சேத்துச் சங்கு. எறும்பக் கூடக் கடிக்காது."

அக்கா சிரிக்கவில்லை. "நிச்சயந்தானா?" என்றார்.

"சிப்பி மாஸ்டர் சொன்னா சொன்னதுதான்."

அவர் லேஞ்சியை மறுபடி முடிந்தார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து இன்னொரு தரம் முடிந்தார். அங்கிருந்து நேரே சாமியாரிடம் போய், 'அது கொத்துற சங்கு இல்லையாம், சாமி' என்று சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். நானாக இருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. செத்தவர்களின் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். என் அம்மா பெயரை வாசித்தபோது மெழுகுதிரியைக் கொளுத்தி உயர்த்திப் பிடித்தேன். அக்கா கையிலும் ஒரு திரி இருந்தது. வாசித்து முடியும் வரை அவர் அதைக் கொளுத்தவே இல்லை. வெளியே வந்தபோது அந்தத் திரியை முந்தானையில் செருகிக்கொண்டு போனார். பாவம் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்க் கேக் தின்பது எங்கள் வழக்கம். துக்க வீடு என்றாலும் அக்கா பாலன் குடில் கட்டியிருந்தார். கணவர் கட்டச் சொன்னாராம். வைக்கோல், பாசி, கடதாசியில் மலை. ஆடுகளும் இடையர்களும் வழக்கம் போல. குடிலுக்கு முன்னால் ஆடுகள் தண்ணீர் குடிக்க ஒரு குளம் இருக்கும். எல்லா வீட்டிலும் உடைந்த கண்ணாடித் துண்டைத்தான் குளமாக வைப்பார்கள். அக்கா வீட்டில் நிஜமான தண்ணீர் இருந்தது. ஒரு சங்கை மல்லாத்தி வைத்து, அதன் வாயில் தண்ணீர் ஊற்றியிருந்தார். இரண்டு மண் ஆடுகள் அதன் விளிம்பில் குனிந்து நின்றன.

"நாத்தம் போகட்டும்னு மண்ணுல பொதச்சு வச்சேன் தம்பி" என்றார் அக்கா. "அப்புறம் சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போட்டுத் தும்பால தேச்சேன். மேல இருந்த தோல் உரிஞ்சு வந்திருச்சு. பாருங்களேன், உள்ள எவ்வளவு அழகா இருந்திருக்கு."

இளஞ்சிவப்பு. பழுப்பு. அதன் மேல் வலை.

சங்கின் உச்சியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இருந்தது. என் வாயில் கேக் இருந்தது. வேறு எந்தச் சுருள் சங்கின் வாயிலும் இப்படித் தண்ணீர் நிற்காது. வெறும் கீறலில் ஆடு என்ன குடிக்கும்? முதலாளி மேசையில் பரப்பி மல்லாத்திக் காட்டியதை, அக்கா வைக்கோலில் வைத்து மறுபடி காட்டிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியாமலே.

"என்ன தம்பி, பேச்சக் காணோம்?"

"கேக் தொண்டையில நின்னுடுச்சுக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முதுகில் தட்டினார்கள்.

உடனே சொன்னேனா? இல்லை. நத்தார் சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேறொரு நியாயம். நிஜமான நியாயம் அசிங்கமானது. அதுவரை ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி நானே பகிடி விட்டு வந்திருக்கிறேன். என் மூக்கு, என் நடை, என் கஞ்சத்தனம், ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் கயிறு என் கையில் இல்லாத சிரிப்பு ஒன்று வரப்போகிறது என்றதும் ஒளிந்துகொண்டேன். அக்கா வீட்டு வாசலைக் கடக்கும்போது காலணியில் கல் புகுந்ததாகக் குனிந்துகொண்டு போவேன்.

இப்படி இரண்டு வாரம் போன பிறகு ஒரு காலை, கடை திறந்ததும் முதலாளியிடம் மெல்லக் கேட்டேன். "மொதலாளி, அந்தக் கொத்துற சங்கு கடலுக்குள்ள இருக்கும்போது இதே கோலத்துலதான் இருக்குமா?"

"எங்க! மேல தோல் ஈக்கும், சேறு ஈக்கும். கோலமே தெரியாது. அதானே அண்டைக்குச் சென்னேன், வாயப் பாருங்கன்டு." கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்லத் திரும்பியவர் நின்றார். "ஏன் கேக்கிறீங்க?"

சொன்னேன். தேத்தண்ணிக் கடையிலிருந்து குடில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் ஒரு பகிடியும் விட்டேன் போலிருக்கிறது, பழக்கம். அவர் அலுமாரிச் சாவியை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் புள்ளட தம்பி மவுத்தாகிக் கெடக்கிறான். நீங்க வாய்க்குப் பகிடி செல்லியிருக்கீங்க. போங்க. இப்பவே போய்ச் செல்லுங்க. சாமிக்குச் சாட்சிக்கு ஆள் வேணுமென்டா நானும் வாரேன்."

நத்தார் காலத்தை முடித்துவைக்கிற மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்திருந்தது. நான் போனபோது அக்கா குடிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆடுகளை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றினார். சங்கு தண்ணீர் கொட்டிக் காய வைத்தபடி ஜன்னலில் இருந்தது.

"அக்கா, ஒங்க ஊட்டு ஆட்டுக்கு இருக்கிற அறிவு கூட எனக்கில்ல" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்த தொடக்கம் அதுதான்.

"என்ன விசயம் தம்பி? வேல கெடக்கு."

"அந்தச் சங்கு... நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அது கொத்துற சாதிதான். ஆளக் கொல்ற சாதி. மேல தோல் மூடியிருந்ததுல எனக்குத் தெரியல."

ஆட்டுக்குச் சுற்றிய கடதாசியோடு அவர் கை நின்றது.

"அப்ப அவன் மருந்து குடிக்கல?"

"குடிக்கலக்கா."

"வாயி அகலம்னு சொல்லிச் சிரிச்சீங்களே?"

"அந்த வாய்தான் அடையாளம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார், கையில் இருந்ததை எடுத்து எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வெகு நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னலில் இருந்த சங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத சாமிகிட்டச் சிரிக்காம சொல்லுவீங்களா?"

'தம்பி' அந்த வாக்கியத்தில் இல்லை. அப்புறம் எந்த வாக்கியத்திலும் வரவில்லை.

சாமியார் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். முதலாளி துருக்கித் தொப்பியோடு வெளி விறாந்தையில் நின்றார். கூப்பிட்டால் வருகிறேன் என்றார். கோவில் கலைவிழாவில் சாமியாரின் தமிழை நான் ஒருமுறை பேசிக்காட்டி மேடையே அதிர்ந்திருக்கிறது. அவரும் முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர். இப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மேடை முழுவதும் இருந்தது.

"நீர் அன்று இல்லை என்றீர். இன்று ஆம் என்கிறீர். எந்த நாளின் உம்மை நான் நம்ப வேண்டும்?"

அந்த நேரத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோசத்தில் இல்லை. பயம் வந்தால் என் முகத்துக்கு வேறொன்றும் செய்யத் தெரியாது. சின்ன வயதில் அடி வாங்கும்போதும் இப்படித்தான் பல்லைக் காட்டி இரட்டிப்பாக வாங்குவேன். உதட்டைக் கடித்தேன். நிற்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமியார் எழுந்து கதவைக் காட்டினார்.

"இது நகைக்கும் காரியம் அன்று. நீர் போகலாம்."

ஊரைச் சிரிக்க வைப்பதற்காக இத்தனை வருடம் சேர்த்த பேர், தேவைப்பட்ட ஒரே நாளில் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வெளியே போனேன். முதலாளி என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு திறந்தே இருந்ததால் விறாந்தையிலிருந்து எல்லாம் கேட்டது. கடையிலிருந்து கொண்டுவந்த சுருள் சங்குகளை அவர் சாமியாரின் மேசையில் மல்லாத்தி வைத்தார். மற்றவற்றின் கீறல் வாயையும், அவன் பையிலிருந்ததன் அகன்ற வாயையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். சாமியாரையே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பாரம், உச்சியில் பொட்டு, எதையும் அவசரப்படாமல் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்கட சாச்சாட மகன் மூதூர்ல இப்பிடித்தான் சாமி போனான். இத எடுத்துச் சாரத்து மடியில வெச்சிருக்கிறான். உதடு மரத்துட்டு என்டான். கண்ணு மூடுது என்டான். நாக்குப் பெரளல்ல. நாங்க குடிச்சிட்டான் என்டு நெனச்சோம், சாமி. குடிக்காத புள்ள."

அப்புறம் சாமியாரின் குரல் கேட்டது. "அந்தத் தோழன் இவ்வம்மாவிடம் சொன்னதும் இதுவே. உதடு. இமை. நாக்கு." பிறகு, "நான் எழுதுகிறேன்" என்றார்.

எழுதினார். மாசியில் பதில் வந்தது: குழியை மந்திரித்து, எலும்பை உள்ளே எடுத்து, சிலுவை நட்டார்கள் என்று. அந்த வாரமே எங்கள் கோவிலில் கறுப்பு விரித்துப் பாட்டுப் பூசை வைத்தார்கள். பீடத்திலிருந்து அவன் பெயரை வாசித்தபோது அக்கா திரியைக் கொளுத்தினார். புதுத் திரி இல்லை. பழையதுதான், முந்தானையில் இருந்து கொஞ்சம் வளைந்திருந்தது. நான் கடைசி வாங்குப் பலகை வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றேன். முதலாளி தெருவுக்கு அப்பால் மரத்தடியில் நின்றுவிட்டு, மணி அடித்ததும் கடைக்குப் போனார். அலுமாரிச் சாவியை அவர் எனக்குத் திருப்பித் தந்தது அதற்கும் வெகு நாள் கழித்து. அதன் பிறகு சங்குகளை நான் மல்லாத்தியே வைத்தேன். வியாபாரம் படுத்தது. அவர் கவிழ்த்து வைக்கச் சொல்லவில்லை.

அந்தச் சங்கு மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. சாமியார் வீட்டிலிருந்து திரும்பும்போது முதலாளி மற்றவற்றோடு சேர்த்து என் கையில் கொடுத்தது, கோட்டுப் பையிலேயே கிடந்தது. பூசை முடிந்து கோவில் படியில் அக்காவுக்காகக் காத்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் உபகாரம் செய்யலாம் என்று மூளை போனது. தன் தம்பியைக் கொன்றதை அந்த மனுசி இனிக் கண்ணால் பார்க்க வேண்டுமா? போகும் வழியில் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டால் தொல்லை விட்டது. எனக்கே என் யோசனை பிடித்துப்போனது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, சிரிக்காமல், மிகவும் ஒழுங்காகச் சொன்னேன்.

"அக்கா, அந்தச் சங்கு என் பையிலதான் இருக்கு. ஒங்களுக்கு அது வேணாம். போற வழியில ஆத்துல போட்டுடுறேன்."

அக்கா கையை நீட்டினார்.

"அது அவன் பொறுக்கினது, குடுங்க."